மார்க்ஸ் கார்டில் அப்பாவின் கையெழுத்து

குடியை விட்ட அந்த மூன்று மாதத்தில், சாராயத்தின் மேல் இருந்த ஆசையைவிடத் தம்பி மேல் இருந்த பொறாமைதான் எனக்குப் பெரிது. சொல்வதற்கென்ன வெட்கம்?

தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூர் ஆடுகோடியில் லேத் பட்டறை வேலை போனது. "குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு. நிறுத்திட்டு வா, அப்புறம் வந்து உன் பொண்ணைப் பாரு" என்று மனைவி கதவைச் சாத்தினாள். கோலார் தங்கவயலில் நான் பிறந்த லைன் வீட்டுக்கே திரும்பினேன். சுரங்கத் தொழிலாளியான அப்பாவுக்குக் கொடுத்த ஒற்றை அறை. ஊர்க் கோடி. எப்போதாவது ஒரு பஸ் வரும்.

அங்கே கல்யாணமாகாத தம்பி மட்டும் இருந்தான். விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போவான். திரும்புமுன் என் மகளைப் பார்த்துவிட்டு வருவான். நான் பார்க்க முடியாத என் மகளை!

"பாப்பா பூரி கேட்டுச்சுண்ணா, வாங்கிக் குடுத்தேன்" என்பான். எனக்கு வயிறு பற்றி எரியும். என் பிள்ளைக்குப் பூரி வாங்கித்தர இவன் யார்? கல்யாண வீட்டில் ஒரே கிளாஸோடு போதுமென்று எழுந்துவிடுகிற ரகம் வேறு. பாவி!

ஒரு நாள் அவன் பையில் மகளின் மார்க்ஸ் கார்டு இருந்தது. அப்பா கையெழுத்துப் போடும் இடத்தில் மாதாமாதம் என் கையெழுத்து. நான் போட்டதே இல்லை.

"யார்ரா போட்டது?"

"நான்தாண்ணா. நீ முன்னாடி போடுவியே, அப்படியே. அப்பா இல்லாத புள்ளைன்னு யாரும் சொல்லிடக் கூடாதுல்ல."

குடிக்கு முந்தைய என் கையெழுத்து, அச்சாக. அதையும் எடுத்துக்கொண்டானே! "இந்த மாசம் நான் போடுறேன்" என்று பிடுங்கினேன். கை நடுக்கம் இன்னும் போகவில்லை. கோழி கிளறின மாதிரி விழுந்தது.

இரண்டே நாளில் கார்டு திரும்பி வந்தது. அப்பா கையெழுத்து இது இல்லை என்று மிஸ் சொல்லிவிட்டாராம். சாராயக் கடைக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது.

"பாப்பா என்னடா சொல்லிச்சு?"

தம்பி தரையைப் பார்த்தான். "இதுதான் எங்கப்பா போட்டது, அழகா இருக்கிறதெல்லாம் சித்தப்பா போட்டதுன்னு சொல்லிடுச்சு. நாளைக்கு அப்பாவே நேர்ல வரணும்னு மிஸ் சொன்னாங்களாம். அண்ணியும் சரின்னுட்டாங்க."

அவன் கண் கலங்கியிருந்தது. முதல் தடவையாக அவன் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.