கிருமி கொல்லும் பெயிண்டின் மேல் அடித்த சுண்ணாம்பு

என் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. பாண்டிச்சேரிக்குப் போய்ப் போய் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு வந்தோம். திரும்புகிற பஸ்ஸில் என் தோளில்தான் சாய்ந்து வருவார். கடலில் படகு ஓட்டிய ஆள். அவர் இப்படிச் சாய்ந்து வருவதை ஊர் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே மருந்துத் தண்ணீர் ஏற்றி இறக்கலாம் என்றார் சிதம்பரத்து டாக்டர். அதற்குச் சுத்தமான அறை வேண்டும். நர்ஸ் வந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். குழாய் வழியே கிருமி போனால் ஆளே போய்விடுவார்.

சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடு எங்களுடையது. உள் அறையைக் காலி பண்ணினேன். மகன் துபாயிலிருந்து போனில் சொன்ன பெயிண்டைக் கடலூரில் வாங்கி அடித்தோம். மேலே வந்து ஒட்டுகிற கிருமியை அது சாகடிக்குமாம். பார்வைக்குச் சாதாரணமாகத்தான் இருந்தது.

போகிக்கு முந்தின நாள் மருந்துத் தண்ணீர்ப் பெட்டி எடுக்கச் சிதம்பரம் போனேன். பொங்கலுக்குக் கிள்ளையிலிருந்து வந்திருந்த நாத்தனார்தான் என் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டார். திரும்பி வந்து பார்த்தால் உள் அறை நீலம் கலந்த வெள்ளையாகப் பளீரென்று இருக்கிறது. கிளிஞ்சல் சுண்ணாம்பு. நாத்தனார் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு சுண்ணாம்பு அடிக்கிற மட்டையோடு நிற்கிறார்.

"என்னா அண்ணி இது?"

"வூடு பூரா அடிச்சிட்டேன். பொங்கலும் அதுவுமா இது ஒண்ண வுட்டா நல்லாவா இருக்கும்? என் தம்பி படுக்கற எடம்."

"அதுல மருந்துப் பெயிண்ட் அடிச்சிருக்கு அண்ணி."

"மருந்து எங்க போவும்? உள்ளதான இருக்குது."

வெளி அறையில் படுத்திருந்த வீட்டுக்காரர், "பாதிச் சுவரு அடிச்ச பொறவுதான் அக்கா எங்கிட்டயே சொல்லுச்சு" என்றார்.

பொங்கல் கழிந்து நர்ஸ் வந்தாள். சுவரைத் தடவினாள். விரல் வெள்ளையானது.

"உதிருதேம்மா. மருந்துத் தண்ணிப் பைய மாட்றப்ப இது குழாய் வாயில வுழுந்தா என்னா பண்ணுவீங்க? அந்தப் பெயிண்டையும் மூடிட்டீங்க. இப்ப முடியாது, பாண்டிச்சேரிக்கே போய்க்கிட்டு இருங்க."

மறுநாள் கிளம்ப வேண்டிய நாத்தனார் கிளம்பவில்லை. தேங்காய் நாரும் தண்ணீருமாக இருவரும் சுவரைத் தேய்த்தோம். சுண்ணாம்போடு பெயிண்டும் சேர்ந்து வந்துவிட்டது. திரும்ப வாங்கி அடித்தோம்.

"உன் மவன்கிட்ட சொல்லிடாத" என்றார் நாத்தனார்.

"கேட்டா சொல்லுவேன் அண்ணி."

நர்ஸ் திரும்ப வந்து நாலு சுவரையும் தடவிப் பார்த்துவிட்டு, "சரி, தண்ணி ஏத்தி எறக்க யாரு கத்துக்கப் போறது?" என்றாள்.

"நான்தான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். கையால செஞ்சி காட்டு, புடிச்சிக்குறேன்."

நாத்தனாரை உள்ளே வரச் சொன்னேன். சுவரில் கை படாமல் அறை வாசலிலேயே நின்றுகொண்டார். முழங்கை வரைக்கும் சோப்புப் போடுவதிலிருந்து நர்ஸ் ஆரம்பித்தாள்.