ஏழாவது கேசட்

அத்தான் அவர்களுக்கு,

நடந்தது ஞாயிற்றுக்கிழமை மதியம், நம் வீட்டு முன்னறையில். இருந்தவர்: நான் ஒருவன்தான். உட்கார்ந்த இடம்: ஜன்னல் பக்கம் மேசை. வீட்டிலிருக்கும் நான்கு மர நாற்காலிகளில் ஒன்றில் நான். மற்ற மூன்றும் எனக்குப் பின்னால், சுவரை ஒட்டி. மூன்றும் காலி.

இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பின்னால் வரும்.

நான் கதை கட்டுகிறவன் இல்லை. "கற்பனை கிலோ என்ன விலைன்னு கேக்கிற ஆளு உன் தம்பி" என்று நீங்களே அக்காவிடம் என்னைக் கேலி செய்திருக்கிறீர்கள். அந்தக் கேலியை நம்பித்தான் எழுதுகிறேன். இது நடந்தது. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் அக்கா பக்கத்தில் இருப்பாள். காது மந்தம் என்றாலும் உங்கள் முகத்தைப் படித்துவிடுவாள். ஆகவே இதைத் தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் அக்கா என்னிடம் கேட்டது உங்களுக்கும் தெரியும். "ஆபரேஷனுக்கு அப்புறம் காது கேக்குமோ கேக்காதோ. அதுக்கு முன்னாடி அம்மா குரலை ஒரு தடவை கேட்டுடணும்டா. முகம்தான் போட்டோவுல இருக்கே. குரல் எங்க இருக்கு?"

குரல் பரணில் இருந்தது, பழைய வீடியோ கேசட்டுகளில்.

அப்பா தூர தேசத்தில் வேலை பார்த்த காலம் அது. மற்ற வீடுகளில் கடிதம் எழுதுவார்கள். நம் வீட்டில் மாதம் ஒரு கேசட். கேமராவை அலமாரி மேல் வைத்துவிட்டு அம்மா, அக்கா, நான் மூவரும் வரிசையாக உட்காருவோம். பேச்சைத் தொடங்கும் முன் அம்மா வரிசை சொல்வாள், யார் எங்கே இருக்கிறார்கள் என்று. தன் முறை வந்ததும் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அம்மா அடுத்த ஆளுக்குப் போகமாட்டாள், காத்திருப்பாள். கடைசியில் காலி நாற்காலியைத் தட்டிக் காட்டி, "இது உங்களுக்கு. வச்சிருக்கோம்" என்று அப்பாவிடம் சொல்வாள். பிறகு கேசட்டை உறையில் போட்டுப் பசை தடவி, "ஒட்டலாமா?" என்பாள். எல்லாரும் "ஒட்டலாம்" என்றால்தான் ஒட்டுவாள். வீட்டுச் சட்டம்.

இப்படி ஆறு கேசட் போயின. ஏழாவதை ஒட்டி வைத்தோம், மறுநாள் தபாலில் போட. அன்று மாலையே அப்பா போய்விட்ட செய்தி வந்தது. பிறகு அவருடைய பெட்டியோடு ஆறு கேசட்டும் திரும்பி வந்தன. ஏழாவது உறையை யாரும் பிரிக்கவே இல்லை.

இவற்றை எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்ற, கடைத்தெருவில் வீடியோ டெக் பழுது பார்ப்பவரிடம் போனேன். ஊரே அவரை டேப் டாக்டர் என்றுதான் கூப்பிடும். பூஞ்சையைத் துடைத்தார். ஒரு பழைய டெக்கைக் கொடுத்து, அதிலிருந்து என் லேப்டாப்புக்கு ஒயர் போட்டார்.

"படம், சத்தம் ரெண்டும் இந்த ஒயர்லதான் வரும். ரூம் சத்தம் கலந்துடக் கூடாதுன்னு மைக்கை அணைச்சிருக்கேன். தொடாதீங்க. ஒரு மணி நேர கேசட்டுக்கு ஒரு மணி நேரம் உக்காரணும் சார்."

"வேகமா ஓட்ட முடியாதா?"

"ஆக்கப் பொறுத்தாச்சு. ஆறப் பொறுங்க."

பொறுத்தேன். ஆறு கேசட்டும் சனிக்கிழமையோடு முடிந்தன. படம் வந்தது, சத்தம் வரவில்லை. பூஞ்சை தின்றுவிட்டதாம். மீன் தொட்டிக்குள் உட்கார்ந்திருப்பது போல மூவரும் வாயசைக்கிறோம். அம்மா சிரிக்கிறாள். நாற்காலியைத் தட்டுகிறாள். திரையின் ஓரத்தில் சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைக் கோடு ஒன்று உண்டு. அது கிடந்தபடியே கிடந்தது. வாரம் முழுக்க அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு சொல் காதில் விழவில்லை. அவளைப் பார்க்காமல் இருந்தபோதுகூட வீடு இவ்வளவு காலியாக இல்லை அத்தான்.

மீதி இருந்தது ஏழாவது ஒன்றுதான்.

ஞாயிறு மதியம். திரையில் வெளிச்சம் அடிக்கக் கூடாதென்று திரைச்சீலையை இழுத்துவிட்டேன். டீ போட்டு மேசையில் வைத்தேன். உறையைக் கிழித்தேன். அம்மா தடவிய பசை, சுலபத்தில் விடவில்லை.

மணி மூன்று பத்துக்குக் கேசட்டை டெக் உள்ளே இழுத்துக்கொண்டது. க்ளக். மற்றவை ஓடும்போது உள்ளே சக்கரம் சுற்றும் சத்தம் கேட்கும். இதில் கேட்கவில்லை. திரை கறுப்பாகவே இருந்தது. இதுவும் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் நிறுத்த மனம் வரவில்லை. அக்காவுக்கு வேறு என்ன பதில் சொல்வேன்?

சில நிமிடம் போயிருக்கும். பச்சைக் கோடு அசைந்தது.

"சரி... எல்லாரும் உக்காந்தாச்சா?"

அம்மா.

சளி கட்டிய அதே குரல். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "கிடைச்சிடுச்சுக்கா" என்று வாய்விட்டே சொன்னேன், யாருமில்லாத வீட்டில்.

"வரிசை சொல்றேன். தம்பி ஜன்னல் பக்கம், மேசையில."

நிமிர்ந்தேன். அந்தக் காலத்தில் இந்த அறையில் மேசையே கிடையாது. அம்மா போன பிறகு, இந்த வருடம்தான் இதை ஜன்னல் பக்கம் போட்டேன்.

"எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். டீ ஆறிப்போச்சு."

கோப்பையைத் தொட்டேன்.

ஆறியிருந்தது.

பிறகு மௌனம். கோடு படுத்துவிட்டது. ஆனால் முடிந்துபோன மௌனம் இல்லை அது. எனக்கு அது தெரியும். அம்மா காத்திருக்கிறாள்...

இந்த வீட்டில் நான் இருக்கிறேனா என்று யாராவது கேட்டு ஒரு வருடம் ஆகிறது அத்தான்.

"இருக்கேம்மா" என்றேன்.

கோடு அசைந்தது.

"நான் என் நாற்காலியில."

எனக்குப் பின்னால் மரம் முனகியது. கிரீச்... உடம்பு கனத்தவர்கள் மெதுவாக உட்காரும்போது வருமே, அது.

நான் திரும்பவில்லை.

"அப்பா வாசல்கிட்டயே நிக்கிறாங்க... உள்ள வாங்களேன்."

செருப்பில்லாத கால். தரையில். ஒன்று... இரண்டு...

நின்றது.

கிரீச்.

"க்கும்... இருக்கேன்."

அது லேப்டாப்பிலிருந்து வரவில்லை.

என் பிடரிக்குப் பின்னாலிருந்து வந்தது.

டொக். டொக். மரத்தைத் தட்டும் சத்தம்.

"பெரியவளே... இது உனக்கு. வச்சிருக்கோம்."

திரை நீலமானது. மணி மூன்று இருபத்தொன்று.

சமையலறையில் ஃபிரிட்ஜ் உறுமிய பிறகுதான் தைரியம் வந்து திரும்பினேன். யாரும் இல்லை. இரண்டு நாற்காலிகள் சுவரை ஒட்டி, வைத்தபடியே. மூன்றாவது மட்டும் ஒரு முழம் முன்னால் நகர்ந்திருந்தது. வருகிறவருக்கு இழுத்துப் போடுவோமே, அப்படி.

கேசட் வெளியே வரவில்லை. டெக்கை அப்படியே தூக்கிக்கொண்டு, லேப்டாப்போடு இன்று காலை டேப் டாக்டரிடம் போனேன். மூடியைக் கழற்றினார்.

"இதை எவ்வளவு நேரம் ஓட்டினீங்க?"

"பதினோரு நிமிஷம்."

"விளையாடாதீங்க சார். உள்ள போனதுமே நாடா அறுந்திருக்கு, பாருங்க. ஒரு சுத்துகூடச் சுத்தல."

லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். பதிவு இருந்தது. பதினோரு நிமிடம். அவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டார். பாதியில் என்னைப் பார்த்தார். கழற்றிக் கீழே வைத்துவிட்டார்.

"'இருக்கேம்மா'ங்கிறது உங்க குரல்தானே?"

"ஆமா."

"மைக்கை அணைச்சிருந்தேனே. இப்பவும் அணைஞ்சுதான் இருக்கு." ஒயரைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இதுல டெக்குக்குள்ள இருக்கிறதுதான் வரும். நீங்க... எப்படி உள்ள போனீங்க?"

லேப்டாப்பை மூடினேன். அவர் கூலியும் வாங்கவில்லை.

இனி உங்கள் காரியம். இந்த உறையில் ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். அதில் இரண்டு பதிவு. சின்னது அக்காவுக்கு. "சரி, எல்லாரும் உக்காந்தாச்சா?" அவ்வளவுதான். அம்மா குரல்தான், அவள் கேட்டது அதுதான், ஆசை தீரக் கேட்கட்டும். முழுசு உங்களுக்கு மட்டும்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் வேண்டாம் அத்தான். தள்ளிப்போடுங்கள். இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள். காலி நாற்காலி என்றால் கெட்டது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. அப்பாவுக்கும் ஆறு முறை நாற்காலி போட்டோம், ஒன்றும் ஆகவில்லை. ஏழாவது முறைதான் ஆயிற்று. இது எத்தனையாவது என்று எனக்கு எப்படித் தெரியும்? அக்காவுக்குக் காது கேட்காமல் போனால் போகட்டும். நான் எழுதிக் காட்டிப் பேசிக்கொள்கிறேன். எழுதுவது எனக்கென்ன புதிதா?

நாளைக் காலை முதல் கூரியரில் இது கிளம்பிவிடும். புதன்கிழமை உங்கள் கையில்.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்

(உறையின் பின்பக்கம்)

பசை தடவிவிட்டேன். பழக்க தோஷம், "ஒட்டலாமா?" என்று கேட்டுவிட்டேன்.

பின்னாலிருந்து "ஒட்டலாம்" என்றார்கள்.

இரண்டு குரல் அத்தான். மூச்சை அடக்கிக்கொண்டு, மூன்றாவதாக அக்கா குரல் வருகிறதா என்று கேட்டுப் பார்த்தேன். வரவில்லை. இப்போதைக்கு இரண்டுதான்.

ஒட்டிவிட்டேன்.