அத்தான் இறக்கிய டிராக்டர்கள்

என் அத்தானின் கணினித் திரையில் பின்னால் என்ன படம் போட்டிருந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. திரை முழுக்க டிராக்டர்கள்தான். டிராக்டர்களின் படங்கள்கூட இல்லை, இணையத்திலிருந்து இறக்கி அப்படியே போட்டுவைத்த கோப்புகள். இடது மூலையில் தொடங்கி வலது மூலை வரை ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு கிடக்கும். ஒரே அறுவடை இயந்திரத்தை இரண்டு மூன்று தடவை இறக்கி வைத்திருப்பார். எதற்கு அத்தான் இத்தனை என்று முதல் நாள் கேட்டேன். "ஒண்டு பழுதாப் போனா?" என்றார். கோப்பு என்பது தக்காளி இல்லை, வைத்திருந்தால் அழுகாது, இரண்டாம் தடவை இறக்கினால் பெயரின் பின்னால் ஒரு இலக்கம் ஒட்டிக்கொள்ளும், அந்தப் பெயரோடு கணினி விளையாட்டு அதை ஏற்காது என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு இன்னுமொரு தடவை இறக்கினார்.

அவர் என் அக்காவின் கணவர். கணவராக இருந்தவர் என்றுதான் எழுதவேண்டும். இருவரும் பிரிந்தபோது அக்கா மகளோடு ஆற்றுக்கு அப்பாலுள்ள லவாலுக்குப் போனார். அத்தான் நகரத்துக்குள்ளேயே கோட்-டெ-நெய்ஜில் ஒரு அறையும் குசினியுமாக ஒரு அப்பார்ட்மெண்டை எடுத்துக்கொண்டு, பக்கத்து மருத்துவமனைச் சமையலறையில் வேலையைத் தொடர்ந்தார். எங்கள் ஆட்களில் இப்படிப் பிரிந்தால் மற்ற உறவுகளும் சேர்ந்து அறுந்துபோகும். பெண் வீட்டார் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள். அவரை இனி என்ன சொல்லி அழைப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆகையால் அத்தான் என்றே அழைத்துக்கொண்டு போய்வந்தேன். "உனக்கு அக்கா நானோ, அந்தாளோ?" என்று அக்கா கேட்டார். அதற்குப் பிறகும் போய்வந்தேன்.

மகள் ஆரம்பத்தில் சனிக்கிழமைகளில் மெற்றோ எடுத்து அவரிடம் வந்தாள். வளர வளர அந்த ஒற்றை அறையில் என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. அவர் சமைப்பார், அவள் போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாள். வரவு குறைந்தது. பிறகு அவளே ஒரு யோசனை சொன்னாள். கணினியில் ஒரு விவசாய விளையாட்டு இருக்கிறது. அவள் லவாலில் இருந்தபடி, அப்பா இங்கே இருந்தபடி, இருவரும் ஒரே தோட்டத்தில் உழலாம், விதைக்கலாம். அத்தான் அன்றைக்கே பழைய கணினி ஒன்று வாங்கப் புறப்பட்டார். "சனிக்கிழமை பின்னேரம் மட்டுந்தான் தம்பி எனக்குப் பிள்ளை" என்று என்னிடம் சொன்னார். அதை அவர் மிகச் சாதாரணமாகச் சொன்னார். நானும் கூடப் புறப்பட்டேன்.

இந்த விளையாட்டோடு வரும் டிராக்டர்கள் கொஞ்சம். மீதியை உலகமெங்கும் உள்ள ஆர்வலர்கள் தாங்களே செய்து இலவசமாக இணையத்தில் போடுகிறார்கள். அவற்றுக்கு மொட் என்று பெயர். புதுக் கலப்பை, புது மாட்டுக்கொட்டில், புது நிலம் என்று எல்லாவற்றுக்கும் மொட் உண்டு. இரண்டு பேர் சேர்ந்து விளையாடுவதென்றால் ஒரேயொரு நிபந்தனை: இருவரிடமும் அதே மொட், அதே பதிப்பு இருக்கவேண்டும். ஒரு கலப்பை முந்திய பதிப்பாக இருந்தாலும் மற்றவரின் தோட்டத்துக்குள் போகமுடியாது. ஆகவே புத்தியுள்ளவர்கள் ஒரு நல்ல தளத்தைத் தேர்ந்து எல்லாவற்றையும் அங்கேயே எடுப்பார்கள்.

அத்தானுக்கு அது நடக்காத காரியம். ஜான்-டலோன் சந்தையில் அவரோடு நடந்தவர்களுக்கு அது ஏன் என்று தெரியும். தக்காளி ஒரு கடையில், கத்தரிக்காய் அடுத்த கடையில், மிளகாய்க்குத் திரும்பவும் தொடக்கத்துக்கு. எல்லாக் கடையையும் ஒரு சுற்றுப் பார்க்காமல் பைக்குள் ஒன்றும் விழாது. "ஒரே கடையில எல்லாத்தையும் வாங்கினா அவன் எங்களைப் பேயனாக்கிப் போடுவான்" என்பார். இதெல்லாம் இலவசம் அத்தான், யாரும் உங்களை ஏமாற்றி ஒரு சதமும் எடுக்கப்போவதில்லை என்றேன். "சும்மா தாறதெண்டாலும் பாத்துத்தான் எடுக்க வேணும்" என்றார். அந்தச் சந்தை முறையையே அப்படியே இணையத்துக்கும் கொண்டுபோனார். டிராக்டர் ஒரு தளத்தில், அதன் சில்லு இன்னொரு தளத்தில், கொட்டில் யாரோ ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பில்.

இவற்றில் பாதித் தளங்கள் மற்றவர் செய்ததைத் திருடிப் போடுபவை. அங்கே பெரிய பச்சைப் பொத்தான் இருக்கும், அது விளம்பரம். உண்மையான பொத்தான் கீழே சாம்பல் நிறத்தில் எறும்பளவில் இருக்கும். அத்தான் பச்சையைத்தான் அமர்த்துவார். உடனே சூதாட்டப் பக்கங்கள் திறந்து காசு கொட்டும் சத்தம் கேட்கும். செய்தவரே போடும் தளம் ஒன்று இருக்கிறது, அங்கே எப்போது திருத்தினார்கள் என்று பார்க்கலாம், மற்றவர்கள் சொன்ன குறைகளைப் படிக்கலாம், எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்திருக்க மானேஜர் என்று ஒரு செயலியும் தருவார்கள் என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். அதற்கு ஒரு கணக்குத் திறக்கவேண்டும் என்றதும் கதிரையைப் பின்னால் தள்ளினார். "பேர், ஈமெயில் எல்லாம் அவனுக்கு ஏன்? பேந்து கோல் எடுத்துக் கரைச்சல் தருவினம்." சூதாட்டக்காரனுக்குப் பயப்படாத மனிதர், மாட்டுக்கொட்டில் செய்கிறவனுக்குப் பயந்தார்.

இதனால் என் சனிக்கிழமைகள் நாசமாயின. மதியம் போன் வரும். "தம்பி, ஒருக்கா வந்திட்டுப் போ." என் வீடு இருக்கிற பார்க் எக்ஸ்சிலிருந்து பஸ் பிடித்துப் போனால், மேசையில் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு மகளோடு வழக்கு நடந்துகொண்டிருக்கும்.

"அப்பா, அந்த மஞ்சள் மெஷின் எங்கையிருந்து எடுத்தனீங்கள்?"

"அது அந்த நீலமா இருக்கிற இடத்தில."

"மெ நோன், இல்லை அப்பா! அது பழசு. அழியுங்கோ."

"அழிக்கிறன். நீ சாப்பிட்டனியோ?"

இப்படியே ஒவ்வொரு இயந்திரமாகப் போகும். நடுவில் பள்ளிக்கூடம் வரும், அவளுடைய பிரெஞ்சு ஆசிரியை வருவார், அக்காவின் முழங்கால் வலி வரும். நான் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். ஒரே ஒரு தளம், ஒரே ஒரு கிளிக், இவ்வளவுதான் விஷயம், இதைக் கேட்க மாட்டேன் என்று ஒரு மனிதர் அடம்பிடிக்கிறாரே என்று எனக்குத் தலை வெடிக்கும்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் முழுக்க முயன்றும் உள்ளே போக முடியவில்லை. கடைசியில் மகள் பெருமூச்சு விட்டு, "பரவாயில்லை அப்பா, அடுத்த கிழமை பாப்பம்" என்றாள். போனை வைத்தபின் அத்தான் கதிரையை விட்டு எழும்பினார். பிறகு, "பிள்ளை விட்டிடும் போல கிடக்கு. நீ சொன்னதையே போடு தம்பி" என்றார். அவர் மனம் மாறுமுன் நான் வேலையைத் தொடங்கினேன். கணக்கை என் பெயரிலேயே திறந்து, அந்த மானேஜரைப் போட்டேன். திரையில் கிடந்த டிராக்டர்களையெல்லாம் கூட்டி அள்ளிக் கொட்டினேன். தந்தைக்கும் மகளுக்கும் ஒரே தொகுப்பு, ஒன்றைப் புதுப்பித்தால் மற்றதும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். அடுத்த சனிக்கிழமை தட்டியதும் மகளின் தோட்டம் திறந்தது. இனி எனக்கும் விடுதலை என்று நினைத்துக்கொண்டு நான் வீட்டில் படுத்துத் தூங்கினேன்.

சில கிழமை கழித்து அக்காவின் மகள், என் மருமகள், எனக்கு போன் எடுத்தாள். அவள் எனக்குத் தானாக எடுப்பவளே அல்ல.

"மாமா, அந்த மானேஜரை எடுத்து விடுங்கோ."

"ஏன், வேலை செய்யேல்லையோ?"

"நல்லா வேலை செய்யுது. அதுதான். அப்பா இப்ப எனக்குக் கோல் பண்றேல்லை. முந்தி நிறையக் கதைப்பார். இப்ப உள்ள வந்து உழுறார். சும்மா உழுதுகொண்டே இருக்கிறார். முடிஞ்சதும் மெர்சி எண்டு ஒரு நன்றி எழுதிப்போட்டுப் போறார்."

நீயே எடுத்துப் பேசேன் என்றேன். எடுத்தாளாம். எல்லாம் சரியாக இருக்கிறது, நீ படி என்று வைத்துவிட்டாராம். நான் அத்தானிடம் போய்க் கேட்டேன். அவர் என்னை விளங்காமல் பார்த்தார். "ஒரு பிழையும் இல்லையே தம்பி. பேந்து என்னெண்டு எடுக்கிறது? பிள்ளைக்குப் படிப்பிருக்கு, சும்மா கரைச்சல் குடுக்கக் கூடாது." எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. சொந்த மகளுக்கு போன் எடுக்க இந்த மனிதருக்கு ஒரு பழுதான டிராக்டர் வேண்டியிருக்கிறது. அவளாவது வாய்விட்டுச் சொல்லலாம். அவளும் அப்பாவைப்போலத்தான், என்னைத்தான் தூது அனுப்புகிறாள்.

அன்றைக்கே அந்தச் செயலியை அகற்றினேன். அது பழுதாகிவிட்டது, இனி உதவாது என்று ஒரு பச்சைப் பொய்யும் சொன்னேன். அத்தானின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்திருக்கவே கூடாது. "நான் அப்பவே சொன்னனான்! ஒரே இடத்தில எடுக்கக் கூடாதெண்டு. நீ கேட்டனியோ?" என்றார். அதையும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டு நின்றேன். நான் சப்பாத்துப் போடுவதற்குள் அவர் ஒரு பச்சைப் பொத்தானை அமர்த்திவிட்டார்.

மருமகள் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தகப்பனின் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். போன மாதம் என் மகனின் பிறந்தநாளுக்கு இருவரும் சேர்ந்து வந்தார்கள். அக்கா மண்டபத்தின் மற்றப் பக்கம் இருந்தார். அத்தான் வந்தவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, கம்பியூட்டர் படித்த மச்சான் தனக்கு ஒரு சாமான் போட்டுத் தந்ததையும், அது கொஞ்ச நாளும் தாக்குப்பிடிக்காமல் போனதையும் சொல்லிச் சிரித்தார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் மருமகளைப் பார்த்தேன். உண்மை தெரிந்தவள் அவள் ஒருத்திதான், ஒரு சொல் சொன்னால் என் மானம் திரும்பிவிடும்.

"ஓம் அப்பா, மாமா போட்டது சரியான கூடாத சாமான்" என்றாள் அவள். பிறகு கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நேற்று ஏதோ புதுசா எடுத்தனீங்கள் எண்டு சொன்னீங்கள். எங்கையிருந்து எடுத்தனீங்கள்? காட்டுங்கோ பாப்பம்."