நான் வைத்ததாகச் சொன்ன குழம்பு

நைனா மூக்குக் குழாயை மூன்றாவது முறையாகப் பிடுங்கி எறிந்த காலையில், அண்ணி அடுப்படியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அப்பாவை நைனா என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அப்போது அவருக்கு இடது கை மட்டும்தான் வேலை செய்தது. அந்தக் கையாலேயே குழாயை இழுத்துக் கட்டிலுக்குக் கீழே போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குழாயின் நுனியில் ரத்தம் இருந்தது. நான் ஈரத்துணியால் அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோதும் உள்ளே கத்திச் சத்தம் நிற்கவில்லை. மனிதர் இப்படிக் கிடக்கிறார், இந்த அம்மாளுக்கு இப்போது சமையல் கேட்கிறதா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்து இருபது நாள் ஆகியிருந்தது. பேச்சு குழறிப்போனது ஒருபுறம் இருக்க, விழுங்கவே முடியாமல் போனதுதான் பெரிய கொடுமை. தண்ணீர் கொடுத்தால் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்விடும் என்று செங்கல்பட்டு டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் போட்டு அனுப்பியிருந்தார். இரண்டு தடவை பிடுங்கி, இரண்டு தடவையும் படாளத்திலிருந்து ஆட்டோவில் கொண்டுபோய்ப் போட்டுவந்தோம். இரண்டாம் முறை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இன்னொரு தடவை பிடுங்கினால் வயிற்றில் துளை போட்டுத்தான் உணவு செலுத்த வேண்டும். இவர் வயதுக்கும் ரத்தக் கொதிப்புக்கும் அது எப்படிப் போகும் என்று சொல்ல முடியாது. அதற்கு முன் ஒரு வழி உண்டு, கெட்டியாக, கட்டி தட்டாமல், வழுக்கிக்கொண்டு இறங்குகிற எதையாவது நிமிர்த்தி உட்காரவைத்து ஸ்பூனில் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். "ரெண்டு நாள் பாருங்க. புரை ஏறி ஜுரம் வந்தா உடனே தூக்கினு வந்துடுங்க" என்று அவர் சொன்னது என் காதிலேயே இருந்தது.

அந்த ரெண்டு நாள் அன்று காலை தொடங்கியது. கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சி ஆற்றிக் கொண்டுபோனேன். முதல் ஸ்பூன் ஓரமாக வழிந்தது. இரண்டாவதில் இருமினார். மூன்றாவதற்குப் பற்களை இறுக்கிக்கொண்டார். கெஞ்சினேன், அதட்டினேன், அழுதேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். முடியாமல் மறுக்கிறாரா, வேண்டாமென்று முடிவு செய்துவிட்டாரா என்பது எனக்கு விளங்கவில்லை. இரண்டாவதாக இருந்தால் எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது என்பது மட்டும் விளங்கியது.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அண்ணன் நைஜீரியாவில், லாகோஸ் நகரத்தில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பராமரிக்கிற வேலைக்குப் போனவன். அங்கேயே யொரூபா இனத்துப் பெண் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டான். செய்தி வந்த அன்று நைனா களத்து மேட்டிலிருந்து நேராக வீட்டுக்கு வந்து, கால்கூடக் கழுவாமல், "அவ கையால ஒரு வாய் தண்ணி இந்த வூட்ல யாரும் குடிக்கக் கூடாது" என்றார். ஒன்பது வருஷம் அந்தப் பேச்சு அப்படியே நின்றது. அம்மா செத்ததற்கு அண்ணன் மட்டும் வந்து போனான். இப்போது நைனா விழுந்ததும் இரண்டு பேரும் வந்தார்கள். வந்த அன்று அண்ணி ஒரு டம்ளரை நைனாவிடம் நீட்டினார். அவருக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று தெரிந்து, வாயை நனைக்க நனைத்த பஞ்சுதான் அதில் இருந்தது. நைனாவின் இடது கை அதைத் தட்டிவிட்டது. டம்ளர் உருண்டுபோய் வாசற்படியில் முட்டி நின்றது. அண்ணன் வெளியே போய் மாமரத்தடியில் நின்றுகொண்டான். அண்ணி பஞ்சைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனவர், அதற்குப் பிறகு நைனாவின் கண்ணில் படவேயில்லை. கூடத்தைக் கடக்க வேண்டுமானால்கூடக் கொல்லைப் பக்கமாகச் சுற்றிப் போனார்.

கஞ்சிக் கிண்ணத்தோடு நான் அடுப்படிக்குப் போனபோது, ஒரு தட்டு நிறைய வெண்டைக்காய் அரிசி அரிசியாகப் பொடிந்து கிடந்தது. அண்ணனிடம் கற்றுக்கொண்ட எங்கள் ஊர்த் தமிழில் அண்ணி மெதுவாகப் பேசுவார். அண்ணன் என்னைக் கூப்பிடுகிற மாதிரியே பாப்பா என்றுதான் கூப்பிடுவார், எனக்கு நாற்பது வயதாகியிருந்தும்.

"பாப்பா, எங்கம்மாக்கும் இப்டிதான் ஆச்சு. கஞ்சி ஓடிடும். இது ஓடாது" என்றார்.

வெண்டைக்காயின் வழவழப்பைப் போக்கத்தான் நாங்கள் புளி ஊற்றுவோம், மோர் தெளிப்போம், வெயிலில் காயவைப்போம். அண்ணியோ அந்த வழவழப்பை வெளியே கொண்டுவருவதற்கென்றே கொதிக்கிற தண்ணீரில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவைப் போட்டார். மூடி போடாமல் கிளறக் கிளற, பச்சை நிறம் மாறாமல் அது நூல் நூலாக இழுபட்டது. தன் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த செங்கல் நிறப் பனை எண்ணெயை ஒரு கரண்டி விட்டார். கொக்கிலமேட்டுக் கருவாட்டுக்காரம்மாவிடம் வாங்கிய சென்னாக்கூனியை, அந்தப் பொடி இறால் கருவாட்டை, மாவாக அரைத்துச் சலித்துத் தூவினார். பிறகு ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். அழுகல் நாற்றம்போல ஒரு நெடி எழுந்து வீட்டை நிறைத்தது.

"இன்னா அண்ணி இது?" என்றேன்.

"இரு" என்றார்.

நான் இருந்தேன். அவர் மேலே ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி கேட்டேன். மறுபடியும் "இரு" என்றார். ஒரு மரத்து விதையை வேகவைத்துப் புளிக்கவைத்துச் செய்கிற அந்தச் சரக்குக்குப் பெயரே இரு என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. வேறொரு நாளாக இருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்போம்.

"வழவழன்னு கீது அண்ணி. அவருக்குக் கொமட்டிகினு வரும். புரை ஏறிச்சுன்னா இன்னா பண்றது?"

"வழவழன்னுதான் வேணும். நைனா தொண்டை வேலை செய்யல. குழம்புதான் வேலை செய்யணும்."

நைனாவுக்கென்று ஒரு பங்கை எடுத்து மிக்சியில் இன்னொரு முறை அரைத்து, டீ வடிகட்டியில் தேய்த்து இறக்கினார். ஸ்பூனைக் கவிழ்த்துக் காட்டினார். குழம்பு சொட்டவில்லை; ஒரே திரளாகத் தொங்கி, மெதுவாகச் சரிந்தது. எப்படிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். தாடை நெஞ்சைத் தொடுகிற மாதிரி தலையைக் குனியவைக்க வேண்டும். அரை ஸ்பூனுக்கு மேல் கூடாது. விழுங்கியதும் 'ஆ' சொல்லச் சொல்ல வேண்டும். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் களகளத்தால் அடுத்த ஸ்பூன் கூடாது. எல்லாம் சொல்லிவிட்டுக் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, "நீ செஞ்சேன்னு சொல்லு" என்றார்.

அதை நானே வாய்விட்டுக் கேட்டிருந்தால் பிறகு அவ்வளவு கூசியிருக்க மாட்டேன். எனக்கும் அதேதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. சொல்ல வாய் வராமல் நின்றேன். அவரே சொல்லிவிட்டார்.

அண்ணனும் நானுமாக நைனாவைத் தூக்கித் தலையணைகளை அண்டக் கொடுத்து உட்காரவைத்தோம். அண்ணன் பின்னாலிருந்து தோளைத் தாங்கிக்கொண்டான். அண்ணி அடுப்படிக் கதவுக்குப் பின்னால், எனக்குத் தெரிகிற மாதிரி, நைனாவுக்குத் தெரியாத மாதிரி நின்றார். ஸ்பூனை உதட்டருகே கொண்டுபோனேன். நைனாவின் மூக்கு விடைத்தது.

"இன்னா…து?" என்றார் குழறலாக.

"நான் செஞ்ச குழம்பு நைனா. கருவாடு போட்டது."

என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு வாய் ஒரு விரற்கடை திறந்தது. குழம்பை வைத்தேன். தாடையைக் குனிய வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வாய்க்குள்ளேயே இருந்தது. தெருவில் டிராக்டர் ஒன்று போய் மறைகிற வரைக்கும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று தொண்டை முடிச்சு மேலே ஏறி இறங்கியது.

"ஆ சொல்லு நைனா."

"ஆ."

தெளிவான 'ஆ'. கதவுக்குப் பின்னால் அண்ணி ஒரு விரலைக் காட்டினார். ஒன்று. அடுத்தது போனது. அடுத்ததும் போனது. நான்காவதில் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. ஸ்பூனில் கொஞ்சம் கூடுதலாக எடுத்துவிட்டேன். அது பாதியில் நின்றது. நைனாவின் கண்கள் பிதுங்கின. இருமல்கூட வரவில்லை, காற்று உள்ளே போகிற சீட்டிச் சத்தம் மட்டும் கேட்டது. முகம் கறுத்தது. அண்ணன் "நைனா, நைனா" என்று கத்தினான். நான் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மரம்போல் நின்றேன்.

அண்ணி எப்போது வந்தார் என்று தெரியாது. அவர் கை நைனாவின் நெஞ்சுக்குக் குறுக்கே போய் அவரை முன்னால் கவிழ்த்தது. இன்னொரு கை இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே ஓங்கி ஓங்கி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது அடியில் பச்சைத் திரள் வெளியே வந்து போர்வையில் விழுந்தது. பிறகு இருமல் வந்தது, மூச்சு வந்தது. நைனாவின் இடது கை எதையோ தேடி அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. யாருடைய கை என்று தெரிந்தும் அவர் உடனே விடவில்லை. அண்ணியும் இழுக்கவில்லை. இருமல் அடங்கியதும் விரல்கள் தானாக நெகிழ்ந்தன. அண்ணி உள்ளே போய்விட்டார்.

போதும், ஆஸ்பத்திரிக்கே போகலாம் என்று நான் கிண்ணத்தைக் கீழே வைக்கப் போனேன். அப்போது நைனா வாயைத் திறந்தார்.

அன்று பதினோரு ஸ்பூன் உள்ளே போனது. அடுத்த மூன்று நாள் மணிக்கொரு தரம் அவர் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒருமுறை தொண்ணூற்றொன்பதைத் தாண்டியபோது ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டுப் பையைக்கூடக் கட்டிவிட்டேன். அது தானாக இறங்கியது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்ட டாக்டர், சளி இல்லை, இப்போதைக்கு வயிற்றில் துளை வேண்டாம் என்றார். என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். வெண்டைக்காய்க் குழம்பு என்றேன். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்றார். பக்கத்தில் நைனா சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "நானாதான் சார்" என்றேன்.

லீவு முடிந்து அண்ணன் கிளம்பினான். அண்ணி மட்டும் இரண்டு மாதம் தங்கினார். நான் செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தேன். காலையில் அவர் வைத்துக் கொடுப்பதை நைனாவுக்கு ஊட்டிவிட்டு பஸ் பிடிப்பேன். மத்தியானத்துக்குப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து ஊட்டுவதாக ஏற்பாடு. ஒரு மாதத்தில் இளக்கமான கேழ்வரகுக் களியைக் குழம்பில் தோய்த்து விழுங்குமளவுக்கு நைனா தேறினார். அண்ணியின் ஊரிலும் இப்படித்தான், மெல்லாமல் உருட்டி விழுங்குவார்களாம். "இன்னிக்கு எப்டி கீது நைனா, நான் வச்சது?" என்று தினமும் கேட்பேன். அவர் தலையை ஆட்டுவார். கதவுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருப்பவரை நினைத்தால் எனக்குக் கூசும். இருந்தாலும் சொன்னேன். உண்மை தெரிந்தால் மறுபடி பல்லைக் கடித்துக்கொள்வார் என்ற பயம் என்னை விடவில்லை. கிளம்புகிற அன்றுகூட அண்ணி கொல்லைப் பக்கமாகத்தான் போனார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நைனா அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தார். அந்தக் குழம்பை நானே வைக்கப் பழகிக்கொண்டேன். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு மட்டுமாக வைக்கிறேன். போன ஞாயிறு அப்படி வைத்துக்கொண்டிருந்தபோது அண்ணி போனில் வந்தார். அடுப்பில் என்ன என்று கேட்டார். சொன்னேன். அதோடு, இத்தனை நாள் உள்ளே வைத்துப் புழுங்கியதையும் சொல்லிவிட்டேன். உங்கள் உழைப்பை என் உழைப்பு என்று சொன்னேன், நைனா கடைசிவரை தெரியாமலே போய்விட்டார், என்னை மன்னியுங்கள் என்றேன்.



"பாப்பா, நைனாக்கு தெரியும்" என்றார். "பெரியம்மா மூணு நாள்தான் வந்துச்சு. நைனாதான் வேணாம்னு அனுப்பிடுச்சு. மத்தியானம் நான்தான் ஊட்டினேன், ரெண்டு மாசமும்."

எனக்கு அடுப்பை அணைக்கத் தோன்றவில்லை. குழம்பு கொதித்துக்கொண்டே இருந்தது.

"ஏன் அண்ணி என்னாண்ட சொல்லல?"

"நைனா சொல்ல வேணாம்னுச்சு. பாப்பாவாண்ட சொல்லாதன்னு கை காட்டுச்சு. நீ சாயங்காலம் வர்றதுக்குள்ள என்னை உள்ள போவச் சொல்லும்."

ஒன்பது வருஷம் எங்கள் எல்லோர் முன்னாலும் கட்டிக் காத்த ஒரு பேச்சை, பெற்ற மகள் முன்னால் விட்டுக்கொடுக்க அந்த மனிதரால் முடியவில்லை. நான் சொன்ன பொய் அவருக்கும் வேண்டியிருந்திருக்கிறது. அவரை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டு நான் தினமும் கேட்ட கேள்விக்கு, அவர் என்னை ஏமாற்றுவதற்காகத் தலையாட்டியிருக்கிறார்.

"உங்களாண்ட பேசுவாரா?" என்று கேட்டேன். "இன்னா சொல்வாரு?"

"ரத்தக் கொதிப்புன்னு நான் உப்பு கம்மியா போடுவேன்ல? தெனமும் அதான் சொல்லும். உப்பு கம்மி. வேற ஒண்ணும் பேசாது" என்றார் அண்ணி. அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "கடைசி நாளு, நான் ஊருக்குக் கெளம்பற அன்னிக்கு மட்டும், மருமவளே, உப்பு கம்மின்னுச்சு."