வாசித்துக் காட்ட வேண்டிய கதை

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, நான் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாவது வரைதான் படித்தேன். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் ஏதோ வேலை இருப்பதுபோல் நகர்ந்துவிடுவேன். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்ற தைரியம்தான்.

சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த வங்கி அதிகாரி ஒருவர் கடைக்கு வருவார். மிஷின் ஓடும்போது நான் புத்தகம் படிப்பதைப் பார்த்துத் தன் வாட்ஸ்அப் வாசிப்புக் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார். வருடம் முழுக்க ஒரு போட்டி. மாதத்துக்கு ஒரு வகை: பயண நூல், மொழிபெயர்ப்பு, நம்மைவிட வயதில் மூத்த புத்தகம், நமக்குப் பிடிக்காத விஷயத்தைப் பற்றிய புத்தகம் என்று போகும். படித்தவுடன் குழுவில் அதைப் பற்றி எழுத வேண்டும். நான் 'முடித்தேன்' என்று மட்டும் போடுவேன். பயண நூலுக்கு மட்டும், நான் வேலூரைத் தாண்டிப் போனதில்லை என்று ஒரு வரி சேர்த்தேன். வரிசையாகச் சிரிக்கும் முகங்கள் வந்தன. நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அதன்பிறகு சேர்க்கவில்லை.

கடைசி வகையில் மாட்டிக்கொண்டேன். ஒரு கதையை யாருக்காவது முழுதாக வாசித்துக் காட்ட வேண்டும். மற்றவர்கள் பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் வாசித்து முடித்தார்கள். அம்மா போனபிறகு வீட்டில் நான் ஒருத்திதான். தனியாக உட்கார்ந்து சத்தமாக வாசித்துப் பார்த்தேன். என் குரலே யாரோ பேசுவதுபோல் இருந்தது. நிறுத்திவிட்டேன்.

அப்போதுதான் அந்த அதிகாரி ஒரு கூட்டம் அறிவித்தார். குபேர லிங்கம் பக்கம் ஒரு சிறிய மண்டபம், ஞாயிறு மாலை நாலு மணி. "வீட்ல கேக்க ஆள் இல்லாதவங்க எங்களுக்கே படிச்சுக் காட்டுங்க, கணக்குல சேத்துக்கலாம்" என்று குரல் பதிவில் சொன்னார். எனக்காகவே சொன்னதுபோல் இருந்தது.

அந்த ஞாயிறு பௌர்ணமி, மலை சுற்ற வரும் சனத்தால் ஊரே அடைத்துக்கொள்ளும் நாள். இந்த ஊரில் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போவதானாலும் பௌர்ணமியா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவோம். அவர் புதிது, பார்க்கவில்லை. குழுவில் இருந்த ஊர்க்காரர்கள் பார்த்திருப்பார்கள். அன்றைக்குக் கூட்டம் நடக்காது என்பது சொல்லாமலே தெரியும் என்று பேசாமல் இருந்துவிட்டார்கள். எனக்கும் தெரியும். ஆனாலும் ரத்து என்று யாரும் போடவில்லையே. கேட்கவும் கூச்சம். கேட்டால் ரத்தாகிவிடுமோ என்றும் இருந்தது.

பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஈசான்ய லிங்கம் வரை நடந்து, கிரிவலப் பாதையில் திரும்பினேன். சனம் முழுக்க எதிரே வந்தது. நான் ஒருத்திதான் மலையை இடப்பக்கமாகச் சுற்றப் போகிறவள்போல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு போனேன்.

"யக்கா, ரிவர்ஸ்ல போறீங்களே, இருக்கிற புண்ணியமும் கம்மியாயிடப் போவுது" என்றான் ஒருவன். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். புத்தகத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

மண்டபம் பூட்டியிருந்தது. நாலரை வரை நின்றேன். படியில் என் வயதுள்ள ஒரு பெண் உட்கார்ந்து பாதத்தை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னா புஸ்தகம்? சாமி புஸ்தகமா?"

"கதைங்க."

"எங்க, படியேன். எங்க வூட்டுக்காரர் தண்ணி வாங்கப் போயிருக்கார். கால் ஆறட்டும்."

காணாமல்போன ஆட்டைத் தேடிப் போகிற ஒருத்தியின் கதை அது. முதல் பக்கம் எனக்கே கேட்கவில்லை. "சத்தமா" என்றாள். சத்தமாக வாசித்தேன். கால் அமுக்குவதை நிறுத்திவிட்டாள். "அந்தப் பக்கத்து வூட்டுக்காரிதான் புடிச்சுக் கட்டியிருப்பா, பாரேன்" என்றாள். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். இரண்டு பக்கம் பாக்கி இருந்தபோது அவள் கணவர் பாட்டிலோடு வந்துவிட்டார்.

"உக்காந்தா அப்படியே உக்காந்துடுவியா? எழுந்திரு, வேன் போயிடும்."

"தோ, இரு, முடியப் போவுது" என்றாள். அவர் கையைப் பிடித்துத் தூக்கினார். கூட்டத்துக்குள் போனவள் திரும்பி, "ஆடு கெடச்சுதா?" என்று கத்தினாள்.

கிடைத்தது என்று கத்தியிருக்கலாம். வாயைத் திறந்தேன். எதிரே வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது.

மறுநாள் அந்த அதிகாரி, பௌர்ணமி என்று தெரியாமல் வைத்துவிட்டேன், யாராவது போய் அலைந்தீர்களா என்று குழுவில் கேட்டிருந்தார். போகவில்லை என்று எல்லோரும் போட்டார்கள். நானும் போகவில்லை என்று போட்டுவிட்டுக் கடையைத் திறந்தேன்.