சூளையின் கிழக்குச் சுவர்

என் அக்காவைப் பழவேற்காட்டில் கட்டிக்கொடுத்த வீடு, பழைய சுண்ணாம்புச் சூளையின் கிழக்குச் சுவரை ஒட்டி இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் ஏரியில் வாரிய கிளிஞ்சலைச் சுட்ட இடம். நான் பார்த்தபோதே அணைந்துபோய், ஒரு புகைபோக்கியும் கூரையில்லாத கொட்டகைகளும் சுற்றி உயரமான செங்கல் சுவருமாக நின்றது. மாமா அந்தச் சுவரில் ஆணி அடித்து வலை மாட்டுவார்.

அந்தச் சூளையைக் காப்பாற்ற வேண்டும் என்று சென்னையிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர் வருவார். அக்கா வீட்டில்தான் டீ குடிப்பார். கிளிஞ்சல் வாரிய இடங்களை மாமா படகில் கூட்டிப்போய்க் காட்டினார். பேராசிரியர் பல வருடம் அலைந்து, சூளையைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அரசு அறிவிக்கும்படி செய்துவிட்டார். நீல போர்டு நட்ட அன்று எங்களுக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த புயல் மழையில் சுவர் அக்கா வீட்டுப் பக்கம் வயிறு தள்ளியது. மாமா மேல் வரிசைகளை இறக்கிவிடப் போனார். கை வைத்தால் கேஸ் ஆகும் என்று தொல்லியல் துறை போட்டிருந்த காவலாளி தடுத்தார். துறையைக் கேட்டால், பழைய முறைச் சுண்ணாம்பு வைத்து அவர்கள் ஆளே வந்துதான் பூச வேண்டும் என்றார்கள். யாரும் வரவில்லை. தள்ளி வீடு கட்டிக்கொள்ளலாம் என்றால், மீதி மனையும், சின்னத்தைச் சுற்றிப் புதிதாக எதுவும் கட்டக் கூடாத தடை எல்லைக்குள்தான் இருந்தது.

நான் பொன்னேரியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. அவர் ஒரே வழிதான் சொன்னார்: புகைபோக்கிக்கு மட்டும் பாதுகாப்பை வைத்துக்கொண்டு, சுவரையும் கொட்டகைகளையும் அதிலிருந்து எடுக்க வேண்டும்; அதற்கு அரசு புது ஆணை போட வேண்டும். மனுவை நானே டைப் அடித்தேன்.

கருத்துக்கேட்புக்கு அழைத்தார்கள். பேராசிரியர் எதிர்த்துப் பேசினார். சுவரைப் பழுதுபார்க்கத் துறையைக் கட்டாயப்படுத்துங்கள், இன்று சுவரை விட்டால் நாளை யாரோ ஒருவருடைய ரிசார்ட் நடுவில் புகைபோக்கி மட்டும் நிற்கும் என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. எங்களுக்கு ஆதரவாக எழுந்து பேசிய வெள்ளைச் சட்டைக்காரரை நாங்கள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. சூளையை அடுத்த நிலத்தை அவர் வாங்கியிருப்பது அப்புறம்தான் தெரிந்தது. முடிவு பின்னால் வரும் என்று சொல்லி அனுப்பினார்கள். சுவர் விஷயமாகத் தானே துறைக்குப் போவதாகப் பேராசிரியர் அக்காவிடம் வாசலில் சொன்னார். போகவும் செய்தார்.

அந்த வருட அடைமழையில் யாரும் தொழிலுக்குப் போகவில்லை. மாமா வீட்டுக்குள் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். அக்கா பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். சுவர் விழுந்தது.

நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, குப்பத்து ஆட்கள் கையாலேயே செங்கலை அள்ளி அவரை வெளியே எடுத்திருந்தார்கள். அவர் விரல்களில் நூல் சுற்றியிருந்தது. அதை யாரும் அறுக்கவில்லை. அக்காதான் பிரித்தாள்.

பேராசிரியர் பால் தெளிக்கிற அன்று வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தூறலில் நின்றார். கடைசியில் அக்கா வெளியே வந்தாள்.

"நான் உங்கிட்ட என்ன சொல்றதும்மா" என்றார்.

"நீங்க நல்லவருதான் சார்," என்றாள் அக்கா. "கெட்டவரா இருந்தா வாய் நெறைய திட்டிட்டுப் போயிருப்பேன்."

அவர் அழுதார். அக்கா உள்ளே போய்விட்டாள்.

சில மாதம் கழித்து ஆணை வந்தது. புகைபோக்கிக்கும் அதன் காலடி நிலத்துக்கும் மட்டும் பாதுகாப்பு. வக்கீல் ஆபீசிலிருந்து நகலை எடுத்துப்போய் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கிழக்குச் சுவர் தற்போது இல்லாமையால் என்று காரணம் எழுதியிருந்தது.

"எப்டி இல்லாம போச்சுனு போட்டுக்கீதாடா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

இப்போது கொட்டகைகளை இடித்துவிட்டார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் கம்பிவேலி போட்டுவிட்டார். அக்கா மனையையும் விலைக்குக் கேட்டு ஆள் அனுப்புகிறார். அவள் கொடுக்கவில்லை. தடை நீங்கியதால் சட்டப்படி அங்கே வீடு கட்டலாம், அதற்கும் மனசு வரவில்லை. மார்க்கெட் பக்கம் வாடகை அறையில் இருந்துகொண்டு இறால் உரிக்கப் போகிறாள். நான் போகும்போதெல்லாம் மனையைப் பற்றிப் பேச்சை எடுக்கிறேன். அவள் சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.