சாமிக்கு ஒதுக்கிய சொத்தைப் பயறு

நேற்று எங்கள் பிள்ளையார் கோயில் அன்னதானத்துக்குச் செல்லத்துரை ஒரு மூட்டை தட்டப்பயறு இறக்கினான். செத்துப்போன தன் அப்பா பேரை மைக்கில் சத்தமாகச் சொல்லச் சொன்னான். அன்னதானப் பொறுப்பு என்னுடையது; மூட்டையைப் பிரித்தேன். வண்டடித்த பயறின் மக்கல் வாடை மூக்கில் ஏறியது. அப்பன் புத்தி அப்படியே இறங்கியிருக்கிறது.

அவன் அப்பா எனக்குத் தாய்மாமன். எழுபதுகளில், வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அம்மா தட்டப்பயறு போட்டிருந்தாள். தம்பிக்குக் காய்ச்சல் விட்டால் முதல் பறிப்பு பிள்ளையாருக்கு என்று நேர்ந்திருந்தாள். காய்ச்சலும் விட்டது. நெத்துப் பறித்த அன்று மாமா திருமங்கலத்திலிருந்து மோப்பம் பிடித்த மாதிரி வந்துவிட்டார். நெற்றி நிறைய விபூதி. கும்பிடுகிற கையாலேயே சுருட்டுகிற ஆள். எங்களோடு உட்கார்ந்து உரித்தார். மணி மணியான பயறெல்லாம் அவருடைய மஞ்சள் பைக்குள் போனது. சொத்தை மட்டும் சாமிக்கென்று வைத்திருந்த சுளகில் விழுந்தது.

"அண்ணே, இது சாமிக்கு நேந்தது."

"அதான் சுளகுல போடுறேன்ல? சாமி என்ன கடிச்சா பாக்கப் போகுது?"

அம்மா பையைப் பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். நல்ல பயறைச் சுண்டல் தாளித்துச் சாமிக்குப் படைத்தாள். சொத்தையைத் தனியாக அவித்து மாமா இலையில் வைத்தாள்.

"என்னத்தா, புழு கெடக்கு?"

"கடிச்சுப் பாக்காம முழுங்குங்கண்ணே."

மூட்டையை ஆட்டோவில் ஏற்றிச் செல்லத்துரை வீட்டுக்கே அனுப்பினேன். சாமி கடித்துப் பார்த்துவிட்டது என்று சொல்லச் சொன்னேன்.